காம்பு வெடித்தாலும் பால் நிறுத்த வேண்டாம்



ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டு 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று நமக்குத் தெரியும். ஆனால் முதல் வாரத்திலேயே காம்பு வெடித்து, வலியில் கண்ணீர் விடும் தாய்க்கு என்ன சொல்கிறோம்? “மக்களே, அந்தப் பக்கம் குடுக்காதே, கெட்ட பாலு” என்கிறோம். இது தவறு. பால் தேங்கினால்தான் தொல்லை கூடும்.

ஏன் வெடிக்கிறது?

பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் பிடித்துச் சப்புவதால்தான். வாயை நன்றாகத் திறந்ததும், காம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் வாய்க்குள் போகும்படி குழந்தையை மார்போடு அணைக்க வேண்டும். குழந்தையின் தாடை மார்பில் படவேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். வலித்தால் இழுக்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரம் விட்டு மெதுவாக எடுத்து, மறுபடி வையுங்கள்.

வெடித்தால் என்ன செய்வது?

• வலி குறைந்த பக்கம் முதலில் கொடுங்கள்.
• பால் கொடுத்தபின் சில துளி தாய்ப்பாலைத் தடவிக் காற்றில் உலர விடுங்கள்.
• காம்பில் சோப்பு, மஞ்சள், சுண்ணாம்பு போடாதீர்கள்.
• வெடிப்பிலிருந்து சிறிது ரத்தம் பாலோடு போனாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு வெடிப்பு வந்தாலோ, காம்பில் நீர்க்கொப்புளங்கள் வந்தாலோ, அந்தப் பக்கம் கொடுக்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

பால் கட்டினால்?

ரப்பர் பால்வெட்டுக்கும் அண்டி ஆபீசுக்கும் போகும் சகோதரிகளுக்குப் பல மணி நேரம் பால் தேங்கும். போகும் முன் கொடுங்கள். இடையில் மார்பு கனத்தால், கையைச் சோப்பு போட்டுக் கழுவி, கனம் குறையும் அளவு பீய்ச்சி எடுங்கள். கட்டியை அமுக்கித் தேய்க்கக் கூடாது. குளிர்ந்த ஈரத்துணி வைத்தால் வலியும் வீக்கமும் குறையும்.

எப்போது ஆஸ்பத்திரி?

மார்பு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்து 24 மணி நேரத்தில் குறையாவிட்டால் உடனே போக வேண்டும். காய்ச்சல் கடுமையானால், கட்டி பெரிதானால், சீழ் தெரிந்தால் அவ்வளவு நேரமும் காத்திருக்கக் கூடாது. மருந்து கொடுத்தால் சொன்ன நாள் முழுவதும் சாப்பிடுங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலமும் தாயின் காம்பில் எரிச்சலும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இருவருக்கும் சேர்த்தே மருந்து வேண்டும்.

கிராம சுகாதார செவிலியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். 104-க்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். குழித்துறை அரசு மருத்துவமனையும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்காக இருக்கின்றன.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் இப்போது பால் கொடுக்கும் தாய் யார்? முதல் வாரத்தில் அவரைப் பார்க்கப் போவது யார்?
2. இரவில் காய்ச்சல் வந்தால் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது யார்? வண்டிக்குப் பணம் எங்கிருந்து?

பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.