மீன் தராசில் ஒரு டக் படகு: மன்னார்க் கரையில் உந்துவிசையை ஒப்பிடும் வழி

பேசாலைக் கரையில், எஞ்சின் நின்றுபோன வள்ளத்தை இன்னொரு வள்ளம் கட்டியிழுத்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். தனியே போகும்போது பறக்கிற அதே வெளியிணைப்பு எஞ்சின், பின்னால் பாரம் விழுந்ததும் திணறும். பிழை எஞ்சினில் இல்லை. அதன் புறொப்பெல்லர் ஓடுவதற்கென்று வடிக்கப்பட்டது, இழுப்பதற்கென்று அல்ல. கொழும்பிலும் திருகோணமலையிலும் பெருங்கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் துறையில் சேர்க்கிற டக் படகுகளின் விஷயமே இதுதான்: நின்ற நிலையில் எவ்வளவு இழுக்கும், எந்தெந்தத் திசையில் இழுக்கும் என்பதுதான் கணக்கு. வேகத்துக்கு அங்கே இரண்டாம் இடம்.

இதை நேரில் அளந்து அறிய ஒரு மாதிரிப் படகும் மீன் நிறுக்கும் தொங்கு தராசும் போதும்.

முதலில் அளவைத் தீர்மானியுங்கள். 36இல் ஒன்று என்ற அளவு கணக்குக்கும் கைக்கும் வசதியானது. 30 மீற்றர் நீளமான டக், மாதிரியில் 83 சென்ரிமீற்றர் ஆகும். எடை நீளத்தைப்போல் குறையாது. 36ஐ மும்முறை பெருக்கி வரும் 46,656ஆல் வகுக்க வேண்டும். 500 தொன் படகு 10.7 கிலோவாகவும், 50 தொன் இழுவிசை ஏறத்தாழ 1.07 கிலோவாகவும் வரும். வேகத்தை மட்டும் 36இன் வர்க்கமூலமான 6ஆல் வகுங்கள்: 12 நொட் வேகம் 2 நொட் ஆகிவிடும், அதாவது செக்கனுக்கு ஒரு மீற்றர். மாதிரி டக்கை வேகப்படகுபோல் விரட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

சுழற்சி இதற்கு எதிர்மாறு; அதை 6ஆல் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 220 முறை சுழலும் 2.4 மீற்றர் புறொப்பெல்லர், மாதிரியில் 67 மில்லிமீற்றர் விட்டத்தோடு சுமார் 1,300 முறை சுழல வேண்டும். விளையாட்டுக் கார்களின் சின்ன மோட்டார்கள் இதைப்போலப் பல மடங்கு வேகத்தில் ஓடுபவை. பல்சக்கரமோ பட்டியோ பூட்டி வேகத்தைக் குறையுங்கள். அல்லது பழைய வானின் ஏசி புளோவர் மோட்டாரைத் தேடுங்கள். மெதுவாகச் சுழன்று முறுக்கு விசை தரக்கூடியது அது. பற்றரிக்கு யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ற் ஈயப் பற்றரியே நல்லது. இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட அதன் எடை வேறு படகுக்குத் தொல்லை. இங்கே அடிப்பாரமாக உதவுகிறது.

அடுத்து, எந்த அமைப்பு என்ற கேள்வி. அசல் டக்குகளில் நான்கு வகைகளைத் தெரிந்தால் போதும்.

மிகப் பழையது நிலையான புறொப்பெல்லரும் பின்னால் சுக்கானும். மலிவு, பழுது பார்க்க எளிது. ஆனால் பின்னோக்கி ஓடும்போது இதழ்கள் தலைகீழாக வேலை செய்வதாலும், தள்ளப்படும் நீர் படகின் உடலிலேயே மோதுவதாலும் விசை கணிசமாகக் குறையும். சுக்கானுக்கும் அப்போது பிடி இருக்காது. புறொப்பெல்லர் ஒன்றுதான் என்றால் பின்னணியம் தன் பாட்டில் ஒரு பக்கம் இழுபடும்.

ஜெர்மானியரான லூட்விக் கோர்ட் 1930களில் புறொப்பெல்லரைச் சுற்றி வளையமொன்றைப் பூட்டினார். கோர்ட் நொசில் என்பது அதுதான். இறக்கைபோல் வளைந்த அதன் குறுக்குவெட்டு, உள்ளே பாயும் நீரைக் கொண்டு தானும் முன்னோக்கித் தள்ளும். இதழ் நுனியில் வீணாகும் விசையும் குறையும். மெதுவான இழுவையில் 20 முதல் 30 வீதம் கூடுதல் கிடைக்கலாம். வேகம் ஏறும்போது வளையமே தடையாகிவிடும். சாதாரணப் புறொப்பெல்லர் நூறு குதிரைவலுவுக்கு ஏறத்தாழ ஒரு தொன் இழுக்கும் என்பது துறையில் போடும் தோராயக் கணக்கு. எஞ்சினை மாற்றாமலே அதைக் கூட்டித் தருவதால் இந்த வளையத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மூன்றாவது, ஷொட்டல் நிறுவனம் 1950இல் கொண்டுவந்த சுழல் புறொப்பெல்லர். வெளியிணைப்பு எஞ்சினைக் கைப்பிடியால் திருப்பி வள்ளத்தைத் திருப்புகிறவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. எஞ்சின் படகினுள்ளே இருக்கும், கால் மட்டும் கீழே 360 பாகையும் சுற்றும், அவ்வளவுதான் வித்தியாசம். சுக்கான் வேண்டாம், பின்னோக்கியும் ஏறத்தாழ அதே விசை. இன்றைய துறைமுக டக்குகளில் பெரும்பாலானவை இந்த வகை. ஒக்லாந்துத் துறைமுகத்தில் 2022 முதல் ஓடும் ‘ஸ்பார்க்கி’ முழுக்க மின்சாரத்தில் ஓடும் டக். 70 தொன் இழுக்கிறது. அதுவும் இந்த முறையில்தான் திரும்புகிறது.

நான்காவது வொய்த்-ஷ்னைடர். ஒஸ்ரியப் பொறியியலாளர் ஏர்ன்ஸ்ட் ஷ்னைடரின் யோசனை. படகின் அடியில் வட்டத்தட்டு ஒன்று சுழல, அதிலிருந்து செங்குத்தாகத் தொங்கும் இதழ்கள் ஒவ்வொன்றும் கோணத்தை மாற்றிக்கொண்டே போகும். எஞ்சினின் வேகத்தையோ சுழலும் திசையையோ மாற்றாமல், விசையை எப்பக்கமும் உடனே திருப்பலாம். அழகான பொறி, ஆனால் விலை அதிகம். மாதிரிக்கு இதைக் கையால் செய்ய முயல்வது பொறுமைக்குச் சோதனை.

முதல் மாதிரிக்கு என் பரிந்துரை: இரண்டு நிலையான புறொப்பெல்லர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், தனி வேகக் கட்டுப்படுத்தி. முன்னோக்கிப் போகையில் இரண்டின் மேற்புறமும் வெளிநோக்கிச் சுழலட்டும். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் ஓட்டினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த, அகன்ற இதழ்களைத் தேர்ந்தெடுங்கள். இழுவைக் கொக்கியை நடுவிலிருந்து சற்றே பின்னே வையுங்கள். பின்னணியத்தின் நுனியில் கட்டினால் சுக்கான் எவ்வளவு திருப்பினாலும் அணியம் திரும்பாது. அசல் டக்குகளிலும் கயிறு பக்கவாட்டில் இறுகினால் படகைக் கவிழ்த்துவிடும் ஆபத்து உண்டு. மாதிரியிலும் அது நடக்கும், பார்த்து இயக்குங்கள்.

இனி அளவை. காற்று எழுமுன் காலையில், அசைவற்ற நீரில் செய்யுங்கள். மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தடியில் நீரோட்டம் கணக்கைக் கெடுக்கும். கட்டுக்கரைக் குளத்தின் ஓரம் நல்ல இடம். கிணற்றடித் தொட்டி உதவாது, தள்ளிய நீர் சுவரில் பட்டுத் திரும்பி வரும். கரையில் ஒரு முளை அடித்துத் தராசை மாட்டி, மூன்று நான்கு மீற்றர் கயிற்றால் கொக்கியோடு இணையுங்கள். முழு விசை கொடுத்து, முதல் குலுக்கலை விட்டுவிட்டு, அரை நிமிடம் நிலைத்து நிற்கும் எண்ணைக் குறியுங்கள். கூடவே அம்பியர் மீற்றரைப் பார்த்து, அம்பியரை வோல்ற்றால் பெருக்கி, வாற்றுக்கு எத்தனை கிராம் என்று வகுத்துக் கொள்ளுங்கள். வெவ்வேறு அமைப்புகளை நேர்மையாக ஒப்பிட இந்த எண் ஒன்றுதான் வழி. பிறகு அணியத்தில் கயிற்றைக் கட்டிப் பின்னோக்கி ஓட்டி அளவெடுங்கள். கடைசியாக நொசிலைப் பூட்டி மீண்டும் இரண்டையும் அளவெடுங்கள். ஒவ்வொரு முறையும் பற்றரியை முழுதாக ஏற்றியிருக்க வேண்டும். இதழ் நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கு மேல் போனால் நொசிலின் பயன் கரைந்துவிடும். இதழ் நுனியைத் தட்டையாக அராவிப் பொருத்துங்கள். அளவெடுத்தபோது கண்ட அதிகபட்ச அம்பியருக்குச் சற்று மேலான பியூஸ் போடுங்கள்.

கடலில் விடுவதானால், சோழகக் காற்றுக் காலத்தில் தீவின் வடகரையும், வாடைக் காலத்தில் தென்கரையும் அமைதியாக இருக்கும். கடற்புல்தான் பகை. நொசிலுக்குள் புல்லோ நைலோன் நூலோ புகுந்தால் வெட்டி எடுக்கத்தான் வேண்டும். அம்பியர் திடீரென ஏறுவது அதற்கு அறிகுறி. வீடு திரும்பியதும் தண்டை நன்னீரில் கழுவிக் கிறீஸ் நிரப்புங்கள்.

இதே கடல் அசல் டக்குக்கும் எல்லை போடுகிறது. 30 மீற்றர் சுழல் புறொப்பெல்லர் டக் ஒன்றுக்கு ஐந்து மீற்றர் அளவு ஆழம் வேண்டும்; ஆதாம் பாலத் திட்டுகளில் பல இடங்களில் ஒரு மீற்றர்கூட இல்லை. 1914இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடத் தொடங்கிய நீராவிக் கப்பல்களும் ஆழம் குறைந்த நீருக்கென்று கட்டப்பட்டவையே. தலைமன்னார்த் துறையில் என்றாவது டக் ஒன்று நிறுத்தப்படுவதானால், ஆழத்தில் தொங்கும் ஷொட்டலும் வொய்த்தும் இங்கே சரிவராது. தட்டையான உடலும் இரட்டைப் புறொப்பெல்லரும் கொண்ட சிறு டக்தான் இந்தக் கடலுக்கு ஏற்றது.