ஒரே ரயில், இரண்டு டிக்கெட்: பிரிட்டனில் எப்போது லாபம்?

நம் ஊர் ரயிலில் பழகியவருக்கு இது தலைகீழ்க் கணக்காகத் தெரியும். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே டிக்கெட் எடுப்பதுதான் மலிவு; திருச்சி வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று எடுத்தால் கைக்காசு போகும். தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கான கட்டணம் இங்கே இறங்குகிறது. பிரிட்டனில் அப்படி ஒரு சீரான கணக்குக் கிடையாது. 1990களில் ரயில்வே தனியார்மயமானபோது, எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே என்ன விலை என்பதை அந்தத் தடத்துக்குப் பொறுப்பான நிறுவனம் வைக்கும் என்று ஏற்பாடானது. அதனால் லண்டன்–பிரிஸ்டல் டிக்கெட்டைவிட, லண்டன்–டிட்காட், டிட்காட்–பிரிஸ்டல் என்ற இரண்டு டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகை குறைவாக வருவதுண்டு. ரயில் அதேதான், இறங்கி ஏற வேண்டியதுகூட இல்லை.

இது தில்லுமுல்லு அல்ல. தேசிய ரயில் பயண நிபந்தனைகளின் 14-வது பிரிவு இதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. ஒரே கட்டுப்பாடு: டிக்கெட் மாறும் நிலையத்தில் நீங்கள் செல்லும் ரயில் நிற்க வேண்டும். டிட்காட்டில் நிற்காமல் பறக்கும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு இரண்டு டிக்கெட்டையும் நீட்டினால் பரிசோதகர் ஏற்கமாட்டார். இரண்டில் ஒன்று சீசன் டிக்கெட் போன்றதாக இருந்தால் இதற்கு விலக்கு உண்டு.

எங்கே லாபம் அதிகம்? காலை நெரிசல் நேரத்தில் கிளம்பி, வழியிலேயே அந்த நேரத்தைத் தாண்டிவிடும் பயணத்தில். லண்டனில் ஒன்பது மணிவாக்கில் ஏறுகிறவர், முழுத் தூரத்துக்கும் நெரிசல் நேர விலையான ‘எனிடைம்’ கட்டணம் தர வேண்டியிருக்கும். பிரித்து எடுத்தால் அந்த விலை முதல் துண்டுக்கு மட்டும். ரயில் டிட்காட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் மறு துண்டுக்கு, நெரிசல் இல்லாத நேரத்துக்கான ‘ஆஃப்-பீக்’ டிக்கெட் செல்லுபடியாகலாம். இரண்டாவது வகை, நாட்டின் குறுக்கே போகும் நீண்ட தடங்கள். இங்கே ரயில் பல ஊர்களில் நிற்கும், ஒவ்வொரு துண்டுக்கும் விலை வைப்பவர் வேறு வேறு. மூன்றாவது, கடைசி நேரப் பயணம். முழுத் தூரத்துக்கான மலிவு டிக்கெட் தீர்ந்துபோயிருக்கும், ஆனால் ஒரு துண்டுக்கு மட்டும் மிச்சமிருக்கும். ஸ்காட்லாந்துக்குள் முதல் வகைக்கு வேலையில்லை. ஸ்காட்ரெயில் 2025 செப்டம்பர் முதல் நெரிசல் நேரக் கட்டணத்தையே எடுத்துவிட்டது.

ஆனாலும் பிரிப்பதை நான் மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். முதலில் ரெயில்கார்டு. ஆண்டுக்கு 35 பவுண்டு, பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நம் ஊரிலிருந்து மேற்படிப்புக்குப் போகிறவர்கள் பலர், வயது 26 ஆகிவிட்டதே என்று 16–25 கார்டை விட்டுவிடுகிறார்கள். முழுநேர மாணவர் என்றால் வயதைப் பார்ப்பதில்லை. அடுத்தது, குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமான ‘அட்வான்ஸ்’ டிக்கெட். ஏறக்குறைய 12 வாரம் முன்பே விற்பனைக்கு வந்துவிடும். தேதி உறுதியாகத் தெரிந்து, விரைவு ரயிலில் நேராகப் போகிறவருக்கு இதுவே போதும். அதற்கு மேல் பிரித்துப் பார்த்தால் ஓரிரண்டு பவுண்டு மிஞ்சினால் அதிசயம்.

கார்டையும் பிரிப்பையும் சேர்க்கும்போது ஒரு கண்ணி உண்டு. 16–25 கார்டில், வார நாட்களில் காலை 4.30 முதல் 10 மணி வரை 12 பவுண்டுதான் குறைந்தபட்சக் கட்டணம் (ஜூலை, ஆகஸ்டில் இல்லை, அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் இல்லை). இது டிக்கெட்டுக்கு டிக்கெட் பொருந்தும். உதாரணத்துக்கு, முழு டிக்கெட் 30 பவுண்டு, பிரித்தால் 13-ம் 13-மாக 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு இல்லாதவருக்கு 4 பவுண்டு லாபம். கார்டு உள்ளவர் அந்த நேரத்தில் பயணித்தால் முழு டிக்கெட் ஏறக்குறைய 20-க்கு வந்துவிடும். பிரித்தால் 12-ம் 12-மாக 24 ஆகிவிடும்.

நீங்களே பிரிப்பதா, செயலியிடம் விடுவதா? ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளங்களில் முன்பதிவுக் கட்டணம் இல்லை. ஆனால் எங்கே பிரிப்பது என்று நீங்கள்தான் துழாவ வேண்டும். டிரெயின்ஸ்பிளிட் போன்ற தளங்கள் அதை நொடியில் செய்துவிட்டு, மிச்சமான தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. டிரெயின்லைனிலும் இந்த வசதி உண்டு, அங்கே முன்பதிவுக் கட்டணம் வாங்குகிறார்கள். எப்போதாவது பயணிப்பவர் செயலியிடம் விட்டுவிடலாம். ஒரே தடத்தில் அடிக்கடி போகிறவர் ஒருமுறை செயலியில் பிரிக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு நிறுவனத் தளத்தில் தானே வாங்கிக்கொள்வதுதான் சாமர்த்தியம்.

இதில் சில சங்கடங்களும் உண்டு. துண்டுக்கொரு இருக்கை ஒதுக்கப்பட்டால், பாதி வழியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாற வேண்டும். பயணத் தேதியை மாற்றினால் கட்டணம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனி. நான்கு துண்டாக வெட்டியவருக்குச் சேமித்ததெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். தேதி மாற வாய்ப்பிருந்தால் இரண்டு துண்டுக்கு மேல் போகாதீர்கள்.

பலரும் பயப்படுவது ரயில் தாமதத்துக்குத்தான். அந்தப் பயம் வேண்டாம். விதிப்படி சேர்த்து வாங்கிய டிக்கெட்டுகள் ஒரே பயணமாகவே கொள்ளப்படும். ரயில் மாறும் பயணத்தில் முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், அந்த நிலையத்தில் ரயில் மாற நிர்ணயித்த குறைந்தபட்ச நேரத்தை இடைவெளியாக விட்டு நீங்கள் பதிவு செய்திருந்தால், அதே அட்வான்ஸ் டிக்கெட்டோடு அடுத்து வரும் ரயிலில் ஏறலாம். தாமத இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது எல்லா டிக்கெட்டுகளையும் சேர்த்தே அனுப்புங்கள். தாமதம் கடைசி ஊரில் எத்தனை நிமிடம் என்பதே கணக்கு.