பரு ஆறட்டும், நிறம் அப்படியே இருக்கட்டும்

அன்புள்ள கயல்,

பருவும் போக வேண்டும், முகமும் வெளுக்க வேண்டும், அதற்கு ஒரே க்ரீம் உண்டா என்று கேட்டிருந்தாய். பருவுக்கு நல்ல மருந்து இருக்கிறது. வெளுக்கும் ஆசையை மட்டும் நீ விட்டுவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த மருந்தின் பெயர் அசெலாயிக் அமிலம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே இருப்பது. இதன் குணம் தெரியவந்த கதை தேமலில் தொடங்குகிறது. முதுகிலும் கழுத்திலும் வெளிறிப் படரும் தேமலைப் பார்த்திருப்பாய். மலசீசியா என்ற பூஞ்சையால் வருவது அது. எல்லோர் தோலிலும் எண்ணெய்ப் பசையை உண்டு வாழும் இந்தப் பூஞ்சை, அளவு மீறிப் பெருகினால் தேமலாகிறது. இத்தாலியில் மார்செல்லா நசாரோ-போரோவும் சீரோ பாசியும் இதை வளர்த்து ஆராய்ந்தார்கள். மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் நொதியைத் தடுக்கும் அமிலங்கள் அதில் உண்டாவதை 1978இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றுதான் அசெலாயிக் அமிலம். முகத்தில் வரும் மங்குக்குத் தடவிப் பார்த்தபோது, பருவும் குறைவது தெரிந்தது.

மயிர்க்காலின் வாயை இறந்த செல்கள் அடைக்க, உள்ளே எண்ணெய் தேங்கி, கிருமி பெருகி வீங்குவதே பரு. இந்த அமிலம் அடைப்பைத் தளர்த்தும், கிருமியை ஒடுக்கும், வீக்கத்தைத் தணிக்கும். பரு ஆறிய பின் மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளியையும் மெல்ல மங்கச் செய்யும். குழித் தழும்பை மட்டும் நிரப்பாது.

அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறமிச் செல்களைத்தான் இது பெரும்பாலும் அடக்குகிறது. இயல்பான தோலின் நிறத்தில் அவ்வளவாகக் கை வைப்பதில்லை. கறை போகும், நீ பிறந்த நிறம் நிற்கும். நல்ல மருந்துக்கு இதுவே அழகு.

15% ஜெல்லாகவோ 20% க்ரீமாகவோ கிடைக்கும். தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்கு. முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்ததும், பட்டாணி அளவு எடுத்து, பருவின் தலையில் மட்டும் வைக்காமல் அந்தப் பகுதி முழுவதும் மெல்லப் பரப்பு. முதலில் இரவு மட்டும் போதும். தோல் பழகியதும் காலையிலும் தடவலாம். தொடக்கத்தில் சுள்ளென்று எரியும், அரிக்கும். சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். வெயில் பட்டால் புள்ளி மீண்டும் கறுக்கும். பரு குறைய ஒன்றிரண்டு மாதம், புள்ளி மங்க அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆக்கும் டியூபை யார் கொடுத்தாலும் திருப்பிப் பார். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொல்லாமல் முகத்தில் தடவக் கூடாது. முதலில் பரு அடங்கி முகம் மினுங்கும். நாளடைவில் தோல் மெலிந்து சிவக்கும், ரோமம் வளரும். நிறுத்தினால் பரு முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

பரு ஒரு நோய், அதற்கு மருந்து போடு. மாநிறம் நோயே அல்ல, அதற்கு மருந்து தேடாதே. வலிக்கும் பெரிய கட்டிகளாக வந்தால் க்ரீமை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போ.

அன்புடன்,
அத்தை