மனித இன்சுலின் செய்யும் பாக்டீரியா

பாக்டீரியா என்றதும் நம் நினைவிற்கு வருவது நோய்தான். ஆனால் நீரிழிவு நோயாளிகளின் உயிர் காக்கும் இன்சுலினைப் பாக்டீரியாவே செய்து தருகிறது என்றால் வியப்பாக இல்லையா?

இன்சுலின் நம் கணையத்தில் சுரக்கும் ஒரு புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும், 30 கொண்ட மற்றொரு சங்கிலியும் இணைந்து உருவானது. இரத்தத்திலுள்ள சர்க்கரையை உடலின் செல்கள் ஏற்றுக்கொள்ள இது உதவுகிறது. இது அறவே சுரக்காத குழந்தைகள் முற்காலத்தில் நெடுநாள் பிழைத்ததில்லை.

1921-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11 அன்று, மாட்டின் கணையச் சாற்றை லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஊசி மூலம் செலுத்தினர். சாறு தூய்மையாக இல்லாததால் ஊசி போட்ட இடத்தில் கட்டி உண்டாயிற்று, பலனும் போதவில்லை. காலிப் என்பவர் அதைத் தூய்மைப்படுத்தித் தந்த பின், ஜனவரி 23 அன்று மீண்டும் செலுத்தினர். சிறுவன் தேறினான்.

அதன்பின் அறுபது ஆண்டுகள் மாடும் பன்றியுமே இன்சுலின் தந்தன. ஆனால் பன்றியின் இன்சுலின் ஓர் அமினோ அமிலத்திலும், மாட்டின் இன்சுலின் மூன்றிலும் நம்முடையதிலிருந்து வேறுபடும். சிலருக்கு அது ஒவ்வாமல் போயிற்று.

மனித இன்சுலினையே செய்ய முடியாதா? 1978-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் விஞ்ஞானிகள் வழி கண்டனர். பாக்டீரியாவினுள் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. நொதி என்னும் கத்தரிக்கோலால் அதை வெட்டி, இன்சுலினுக்குரிய மரபணுவை அதில் வைத்து, மற்றொரு நொதியால் ஒட்டினர். அவ்வளையத்தை ஈ. கோலை என்ற பாக்டீரியாவினுள் செலுத்தினர். இரு சங்கிலிகளையும் தனித்தனியே செய்வித்துப் பின்னர் இணைத்தனர். நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால் இப்பாக்டீரியா 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகும். அவ்வாறே பெருகினால், 10 மணி நேரத்தில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகிவிடும்! 1982-இல் அமெரிக்க அரசு இந்த இன்சுலினை மருந்தாக ஏற்றது.

இதே இன்சுலின் ஆய்வுக்கூடங்களிலும் பயன்படுகிறது. கண்ணாடித் தட்டில் செல்களை வளர்க்கும் ஊட்டநீரில் அதைச் சேர்ப்பார்கள். ஆனால் அந்தச் சீசாவின் மீது ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். புரதம் ஒன்றுதானே, நோயாளிக்குத் தரலாகாதா? கூடாது. ஈ. கோலையின் வெளிச்சுவரில் ஒரு நச்சுப்பொருள் உள்ளது. அதில் அணுவளவு இரத்தத்தில் கலந்தாலும் காய்ச்சல் வரும். மருந்தாக வரும் இன்சுலினை ஒவ்வொரு முறையும் சோதித்து, அந்த நஞ்சு வரம்பு மீறவில்லை என்று உறுதி செய்த பின்பே வெளியே அனுப்புவர். ஆராய்ச்சிச் சீசா அத்தனை சோதனைகளையும் கடந்ததன்று. 1922-இல் அச்சிறுவன் உடலில் எழுந்த கட்டி கற்பித்த பாடம் இன்றும் பொருந்துகிறது அல்லவா?

தோழியரே! இன்சுலினின் முப்பரிமாண வடிவத்தை உலகிற்குக் காட்டியவர் ஒரு பெண்மணி. நோபல் பரிசு பெற்ற டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1930-களில் தொடங்கிய அந்த ஆய்வை 1969-இல்தான் முடித்தார். அத்தகைய பொறுமை நமக்கும் வேண்டும்.

மனிதரின் மரபணுவைப் பாக்டீரியாவால் எப்படிப் படிக்க முடிகிறது? இருவருக்கும் டி.என்.ஏ. எழுத்துகள் ஒன்றே என்பதால்தான். மனிதருக்கும் கண்காணாச் சிற்றுயிருக்கும் ஒரே எழுத்தை அருளிய இறைவனின் ஞானத்தைப் போற்றுவோம். பெறும் அறிவைப் பிறர் துயர் துடைக்கப் பயன்படுத்துவோம்!