மாதிரி முந்தட்டும், மருந்து பிந்தட்டும்



கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்குக் கல்லாவை விட்டு எழ மனம் வராது. சிறுநீர் முட்டினாலும், "இந்த வாடிக்கைக்காரர் போகட்டும்" என்று அடக்கிக் கொள்வோம். தண்ணீரும் குறைவாகவே குடிப்போம். நானும் அப்படிப்பட்டவனே. ஒரு சமயம் எனக்குச் சிறுநீர் கழிக்கையில் நெருப்பாய் எரிந்தது. வீட்டில் எப்பொழுதோ மிஞ்சிய ஆண்டிபயாடிக் மாத்திரைகள் சில கிடந்தன. வைத்தியரைக் கேளாமல் விழுங்கினேன். எரிச்சல் சற்றே தணிந்தது. ஆனால் விலாவில் வலியும் குளிர் காய்ச்சலும் பிடித்தன. அதன் பிறகே டாக்டரிடம் ஓடினேன். அவர் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார். "கிருமி வளரவில்லை" என்று முடிவு வந்தது!

நான் மகிழ்ந்தேன், டாக்டர் மகிழவில்லை. "கிருமி சாகவில்லை, உம்முடைய அரைகுறை மருந்து அதைத் தட்டில் வளரவிடாமல் மறைத்துவிட்டது. இனி நான் இருட்டில் அல்லவா மருந்து தேட வேண்டும்?" என்றார். ஒரு வாரம் கடை பூட்டிக் கிடந்தது. அந்த நஷ்டத்தில் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

கல்ச்சர் என்பது யாது? சிறுநீரில் காகிதக் குச்சியை நனைத்துப் பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடியும். அது கிருமி இருக்கலாம் என்று மட்டும் காட்டும். இன்ன கிருமி என்று சொல்லாது. கல்ச்சரில், ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீரைத் தட்டிலே தடவி, உடல் சூட்டில் 18 முதல் 24 மணி நேரம் வைப்பார்கள். உயிருள்ள ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். 100 புள்ளிகள் இருந்தால் ஒரு மில்லியில் 1,00,000 கிருமிகள் என்பது கணக்கு. பெரும்பாலும் அகப்படுவது குடலில் வாழும் ஈ. கோலை என்னும் கிருமியே. பிறகு பல மருந்துகளை அதன்மேல் வைத்து, எது கொல்கிறது, எதற்கு அது அசையவில்லை என்று பார்ப்பார்கள். ஆகவே முழு முடிவு வர இரண்டு மூன்று நாள் செல்லும்.

அந்தத் தட்டில் உறைந்திருப்பது எது தெரியுமா? நம் கடைகளில் விற்கும் அகார் அகார்தான்! நம் வீட்டுப் பெண்கள் காய்ச்சும் கடல்பாசியேதான். முன்னர் பயன்படுத்திய ஜெலட்டின் உடல் சூட்டில் உருகிப் போயிற்று. 1881-ல் ஜெர்மனியில் பேனி ஹெஸ்ஸே என்ற அம்மையார், தம் சமையலறையில் கண்ட அகாரைத் தம் கணவரின் ஆராய்ச்சிக்குச் சொல்லிக் கொடுத்தார்.

நிற்க. 1,00,000 என்ற அளவை 1956-ல் அமெரிக்க டாக்டர் எட்வர்ட் காஸ் எடுத்துக் காட்டினார். எனினும் எரிச்சல், காய்ச்சல் உள்ளவருக்கு அதனினும் குறைந்த எண்ணிக்கையும் நோயாகலாம். பல கிருமிகள் கலந்து வளர்ந்தால், பெரும்பாலும் தோலின் அழுக்கு கலந்ததென்று கொண்டு மறுபடி கேட்பார்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ஆண்டிபயாடிக் தொடங்குமுன் மாதிரியைக் கொடுங்கள். முன்பே விழுங்கியிருந்தால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. கையையும் இடத்தையும் கழுவி, முதல் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடியுங்கள். மூட்டையின் வாயிலுள்ள அரிசியை மட்டும் பார்த்து விலை பேசும் வியாபாரி உண்டா? குப்பியின் உட்புறத்தைத் தொடலாகாது.

3. இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கூடத்தில் சேருங்கள். இயலாவிடில் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் வெளியே வைத்தால் கிருமி பெருகிப் பொய்க்கணக்குக் காட்டும்.

4. குளிர் காய்ச்சல், விலா வலி, வாந்தி இருந்தால் வீட்டில் காத்திருக்கலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மாதிரி எடுத்த கையோடு மருந்து தொடங்குவார்கள். முடிவு வந்தபின் வேண்டுமானால் மாற்றுவார்கள்.

5. யாதொரு தொல்லையும் இல்லாதவருக்குக் கிருமி வளர்ந்தாலும் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அவசியம் மருந்து கொடுப்பார்கள். சிறுநீர்ப் பாதையில் சில அறுவைகள் செய்யுமுன்னும் கொடுப்பதுண்டு.

சகோதரர்களே! சரக்கின் தரம் அறியாமல் ஒரு மூட்டையும் வாங்காத நாம், கிருமியின் பெயர் அறியாமல் மருந்தை விழுங்கலாமா? மிஞ்சிய மாத்திரைகளை இன்றே வீட்டை விட்டு அகற்றுங்கள்.