வால்வைக் கழட்டிப் போடுறதுக்கு முன்னாடி

பாம்பன் பக்கம் ஒரு லாரி ஷெட்டுக்குப் போய் "அண்ணே, வண்டி ஹீட் ஆகுது"ன்னு சொல்லிப் பாருங்க. "வால்வைக் கழட்டிப் போட்டுருப்பா, தண்ணி ஃப்ரீயா ஓடும்" என்ற பதில் வர நல்ல வாய்ப்பு இருக்கு. வால்வுன்னு அவங்க சொல்றது தெர்மோஸ்டாட்டை. காசு செலவில்லாத வைத்தியம், அதான் இவ்வளவு பிரபலம். ஆனா பெரும்பாலும் நோய் வேற இடத்துல இருக்கும்.

மீன் ஏத்துற பழைய டாடா 407 ஒண்ணை மனசுல வச்சுக்குங்க. இந்த மாடல் வந்தது 1986-ல். பாம்பன் சாலைப் பாலம் திறந்ததே 1988-ல்தான். ராமேஸ்வரத்தில் ஐஸ் பெட்டியோட கிளம்பினா மதுரைக்கு ஏறக்குறைய 170 கி.மீ. நடுவழியில இன்ஜின் கொதிச்சு நின்னா, அது ஆறுற வரைக்கும் ஐஸ் காத்திருக்காது. ரேடியேட்டர் ஹோஸ்ல விழுந்த ஒரு சொட்டு லீக், ஒரு லோடு மீனைக் கெடுத்துடும். சிலிண்டர் ஹெட் வளைஞ்சா செலவு அதையும் தாண்டும்.

முதல்ல வால்வோட வேலையைப் பார்ப்போம். அதுக்குள்ள ஒரு சின்னக் குப்பி, குப்பிக்குள்ள மெழுகு. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கின ஏற்பாடு இது. இன்னைக்கும் அடிப்படை மாறல. தண்ணி 82 டிகிரி செல்சியஸ் மாதிரி வரும்போது மெழுகு உருகி விரியும், ஊசியைத் தள்ளும், வால்வு திறக்கும். 95 டிகிரி வாக்கில் முழுசா திறந்துடும். எந்த டிகிரியில் திறக்கணும்னு வால்வு மேலேயே அச்சடிச்சிருப்பாங்க. வால்வு மூடியிருக்கும்போது தண்ணி சும்மா நிக்காது. பைபாஸ் வழியா இன்ஜினுக்குள்ளேயே சுத்தும். பல டீசல் இன்ஜின்களில் வால்வோட அடிப்பக்கம் இன்னொரு தட்டு இருக்கும். மேல ரேடியேட்டர் வழி திறக்க திறக்க, கீழ அந்தத் தட்டு பைபாஸை அடைச்சுக்கிட்டே வரும்.

இப்ப வால்வையே எடுத்துட்டா? பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். பம்ப் தள்ளுற சூடான தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம திரும்பவும் இன்ஜினுக்குள்ள போயிடும். லோடு இல்லாம ஓடும்போது இது தெரியாது. மதுரைக்கு முழு லோடோட ஓடும்போதுதான் முள்ளு மேல ஏறும்.

இதுக்கு இன்னொரு விளக்கமும் காதுல விழும்: "வால்வு இல்லேன்னா தண்ணி வேகமா ஓடிடும், ரேடியேட்டர்ல ஆற நேரம் கிடைக்காது." ஹீட் டிரான்ஸ்பர் பேப்பர் எழுதின நமக்கு இது தப்புன்னு தெரியணும். ஓட்டம் கூடினா ரெனால்ட்ஸ் எண் கூடும், குழாய்ச் சுவருக்குப் போற வெப்பமும் கூடும். ஒவ்வொரு லிட்டரும் கம்மியா ஆறினாலும் நிறைய லிட்டர் போகுது, மொத்தக் கணக்கு குறையாது. குற்றவாளி வேகம் இல்ல, பைபாஸ்.

"நம்ம ஊர்ல குளிரே கிடையாதே, வால்வு எதுக்கு?" நியாயமான கேள்விதான். ராமநாதபுரத்து வெயில் 36 டிகிரின்னு வைங்க. நமக்கு அது நெருப்பு. 85 டிகிரியில வேலை செய்யணும்னு வடிவமைச்ச இன்ஜினுக்கு அது 49 டிகிரி குறைவு. வால்வு இல்லாம காலி வண்டி ஓடினா இன்ஜின் சூடேறவே மாட்டேங்கும். டீசல் முழுசா எரியாது, எரியாதது சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிடும், ஆயில் சீக்கிரம் கெடும், பிஸ்டன் ரிங் தேயும். ஆக காலி வண்டிக்குச் சூடு பத்தாது, லோடு வண்டிக்குச் சூடு தாங்காது.

சரி, நல்லா இருந்த வால்வு ஏன் கெடுது? நம்ம கடற்கரைக்குன்னே ஒரு காரணம் இருக்கு. எங்கேயோ லீக். தண்ணி குறையுது. டிரைவர் பக்கத்துல கிடைக்கிற போர் தண்ணியை ஊத்துறார். அது உப்புத் தண்ணி. சூட்டில் அதிலிருக்கிற சுண்ணாம்பு படிஞ்சு வால்வை இறுக்குது, குளோரைடு உலோகத்தை அரிச்சு அடுத்த லீக்கைத் தொடங்கி வைக்குது. தண்ணி மட்டம் குறைஞ்சு மெழுகுக் குப்பியைச் சுத்தி காத்து நின்னா, உண்மையான சூடு குப்பிக்குத் தெரியவே தெரியாது. அதனாலதான் லீக்கையும் வால்வையும் ஒரே வேலையா பார்க்கணும்னு சொல்றேன். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைச் செஞ்சா மறுபடியும் ஷெட்டுதான்.

எவ்வளவு உப்பு அதிகம்? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை ஏத்துக்குது. வேற தண்ணி இல்லாத இடத்தில் 1000 வரை. கனரக டீசல் இன்ஜின்களுக்கு லிட்டருக்கு 40 மில்லிகிராம் மாதிரிதான் எல்லை வைக்கிறாங்க. நீங்க தாராளமா குடிக்கக்கூடிய தண்ணியே ரேடியேட்டருக்கு ஆகாது! கடல் தண்ணியில லிட்டருக்குக் கிட்டத்தட்ட 19 கிராம் குளோரைடு. கூலன்ட் 10 லிட்டர் பிடிக்கும்னா 400 மில்லிகிராம் எல்லை. அதைத் தொட 21 மில்லி கடல் தண்ணி போதும். ஒன்றரை மேசைக்கரண்டிகூட முழுசா ஆகாது. மீன் பெட்டி கழுவுற அதே வாளியில தண்ணி மொண்டு ரேடியேட்டர்ல ஊத்துறவங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க.

இனி வேலை. இன்ஜின் முழுசா ஆறணும். சூட்டோட மூடியைத் திறக்கவே கூடாது. 0.5 பார் மூடி போட்ட ரேடியேட்டருக்குள்ள தண்ணி 111 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கும். மூடி திறந்த நொடியில அழுத்தம் போயிடும், தண்ணி ஆவியா மூஞ்சியில அடிக்கும்.

லீக் தேட பாடப்புத்தகம் சொல்ற வழி, காய்ஞ்ச வெள்ளைத் தடத்தைப் பின்பற்றுறது. இங்க அது ஏமாத்தும். கடல் காத்து பட்டு வண்டி முழுக்க வெள்ளை பூத்துத்தான் இருக்கும். அதனால முன்பக்கத்தை நல்ல தண்ணியில கழுவி, காய விட்டு, அடியில ஒரு அட்டையை விரிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில ஈரம் விழுந்த இடத்துக்கு நேர் மேல, ஃபேன் காத்து தள்ளும் திசையையும் கணக்குல எடுத்துத் தேடுங்க. ஹோஸ் முனைகளை விரலால அமுக்கிப் பாருங்க. மெத்துன்னு உப்பியிருந்தாலோ வெடிப்பு தெரிஞ்சாலோ மாத்தணும். துருப்பிடிச்ச கிளிப்பைத் திரும்ப இறுக்கிப் பயனில்ல, புதுசு போடுங்க. வாட்டர் பம்ப் அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுல கசிவு இருந்தா உள்ள சீல் போயிடுச்சு. அந்த ஓட்டையை எம்-சீல் வச்சு அடைக்கிறது பெரிய அநியாயம், அது எச்சரிக்கை குடுக்கத்தான் அங்க இருக்கு. மஞ்சள்தூள் போடுற வைத்தியமும் அப்படித்தான். வீடு வந்து சேர உதவலாம், ஆனா ஓட்டையை அடைக்கிற அதே தூள் ரேடியேட்டரோட மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில விடாம குமிழி வந்தாலோ, ஆயில் டிப்ஸ்டிக்ல பால் கலந்த காபி நிறம் தெரிஞ்சாலோ இங்கேயே நிறுத்திடுங்க. அது ஹெட் கேஸ்கட் வேலை, வேற அத்தியாயம்.

வடிக்கிற கூலன்ட்டைத் தொட்டியில பிடிங்க. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். ஆடும் நாயும் வந்து குடிச்சிடும். பிறகு மேல் ஹோஸ் இன்ஜினோட சேர்ற இடத்துல இருக்கிற மூடியைக் கழட்டினா பெரும்பாலான வண்டிகளில் வால்வு அங்கதான். எடுக்கும்போது எந்தப் பக்கம் எப்படி உட்கார்ந்திருந்ததுன்னு ஃபோன்ல படம் பிடிச்சுக்குங்க. பழைய பாக்கிங்கைத் துளி விடாம சுரண்டணும், சுரண்டின தூள் உள்ள விழாம துணி வைக்கணும்.

புது வால்வைப் போடுறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்க, பழசையும் கூடவே. பாத்திரத்துல தண்ணி, ஒரு வெப்பமானி, அடியைத் தொடாதபடி நூலில் தொங்கும் வால்வு. அச்சடிச்ச டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கணும்; கொதிக்கும்போது 8 மில்லிமீட்டர் மாதிரி திறந்திருக்கணும். ஆறினதும் முழுசா மூடணும். அஞ்சு பைசா செலவில்லாத லேப்.

மாட்டும்போது மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் பார்க்கணும். திருப்பிப் போட்டா சூடான தண்ணி குப்பியை நேரா தொடாது, வால்வு ரொம்பத் தாமதமா திறக்கும். தட்டுல ஆடுற சின்ன ஊசி ஒண்ணு இருந்தா அது மேல் பக்கம் வரணும். மாட்டின காத்து அது வழியாத்தான் வெளியேறும். விளிம்பு பள்ளத்துல சரியா உட்கார்ந்த பிறகு போல்ட்டுகளை மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒரே பக்கம் இறுக்கினா மூடி விரிசல் விடும், புது லீக்கை நாமே செஞ்ச கதை.

நிரப்ப, கலந்தே வர்ற கூலன்ட் வாங்குறது உத்தமம். அடர்த்தியானதை வாங்கினா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரில் சரிபாதி கலக்கலாம். வெறும் தண்ணிதான் சூட்டை அதிகம் சுமக்கும் என்பது உண்மை; ஆனா அதுல அரிப்பைத் தடுக்கிற மருந்து கிடையாது, இந்தக் கரையில அந்த மருந்துக்குத்தான் காசு குடுக்கிறோம். மூடியைத் திறந்தே வச்சு மெதுவா ஊத்துங்க, இன்ஜினைச் சும்மா ஓட விடுங்க. காத்துக் குமிழி வர வர மட்டம் இறங்கும், இன்னும் ஊத்துங்க. மேல் ஹோஸ் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டுன்னு சுட்டா வால்வு திறந்துடுச்சுன்னு அர்த்தம். மட்டம் நிலைச்சதும் மூடியைப் போட்டு, உச்சிப்புளி வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வந்து, மறுநாள் காலையில இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தை மறுபடியும் பாருங்க. அட்டையை இன்னொரு ராத்திரியும் அடியிலயே விட்டு வைங்க.