ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கும் மடக்குக் கத்தி



"நாம தரமா செய்யுறோம். பக்கத்துக் கடையில அதே மாதிரி மட்டமான சரக்கைப் பாதி விலைக்குத் தர்றாங்க. என்ன பண்றது?" குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. இதே சிக்கலைச் சந்தித்த ஒரு வெளிநாட்டு ஊரைப் பற்றி இந்த மாதம் படிப்போம்.

ஐரோப்பாவில் உள்ள ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கில் அல்பசேத்தே என்று ஒரு நகரம். பல நூறு வருஷமா கத்தியும் கத்தரிக்கோலும் செய்யுற ஊர். அதிலும் பேர் போனது 'நவாஹா' எனப்படும் மடக்குக் கத்தி. ஆடு மேய்ப்பவர், விவசாயி எல்லோரும் இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். ரொட்டி நறுக்கவும் கயிறு அறுக்கவும் அதுதான்.

அங்கே ஒரு சின்னப் பட்டறைக்குள் போனால் என்ன பார்க்கலாம்? முதலில் எஃகுத் தகட்டை அலகு வடிவத்துக்கு வெட்டுவார்கள், அல்லது உலையில் காய்ச்சி அடிப்பார்கள். அலகைச் செக்கச் செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்குவார்கள். அப்போது இரும்பு ரொம்ப விறைத்துவிடும், கீழே விழுந்தாலே உடையும். அதனால் மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதம் பண்ண வேண்டும். இந்தப் பதம்தான் கத்தியின் உயிர். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது! அப்புறம் சாணை பிடித்து மெருகு ஏற்றுவார்கள். பிடிக்கு மாட்டுக்கொம்பு, மான்கொம்பு, ஒலிவ மரம் என்று எடுத்து அரத்தால் ராவி, கைக்கு அடங்கும்படி வளைவு கொடுப்பார்கள்.

கடைசி வேலை பொருத்துவது. பிடியின் முதுகில் ஒரு வில் கம்பி இருக்கும். விரித்த அலகை அது கவ்விப் பிடித்துக்கொள்ளும், விரலில் மடங்காது. பழைய பாணிக் கத்தியில் அலகின் அடியில் பற்கள் உண்டு. விரிக்கும்போது 'கிர்ர் கிர்ர்' என்று சத்தம் வரும். மூடினால் அலகு இரண்டு பக்கமும் உரசாமல் நட்டநடுவில் உட்கார வேண்டும். இதைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக ராவித்தான் சரி செய்ய முடியும். மலிவுக் கத்தி தோற்பது இங்கேதான்.

இந்தத் தொழிலுக்குச் சோதனைகள் நிறைய வந்தன. 18-ஆம் நூற்றாண்டில் அரசர்கள் கூர்முனைக் கத்தி வைத்திருக்கத் தடை போட்டார்கள். பிறகு ரயில் வந்தது. அகலமான தோல் பெல்ட்டில் கத்திகளைச் செருகிக்கொண்டு வியாபாரிகள் ரயில் நிலையத்திலேயே விற்றார்கள். (நம்ம ஊர் முறுக்கு வியாபாரி மாதிரிதான்!) நகரத்து நடுவில், அல்தொசானோ சதுக்கத்தில், கத்தி வியாபாரிக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் வெளிநாட்டு மலிவுக் கத்திகள் அதே வடிவத்தில் வந்து இறங்கின. தனித்தனிப் பட்டறைக்காரர் என்ன செய்ய முடியும்? சங்கமாகச் சேர்ந்தார்கள். 'ஏபி' என்ற எழுத்துகளோடு பொது முத்திரை வைத்தார்கள். இளைஞர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்கள். நகராட்சி 2004-இல் கத்தி அருங்காட்சியகம் திறந்தது. பழைய கத்திகளை அங்கே பார்த்த ஆளுக்கு, நல்லது எது போலி எது என்று பட்டறையில் தானே தெரிந்துவிடும். என் கணக்கில் முத்திரையை விட இதுதான் பெரிய காரியம். வித்தியாசம் தெரியாதவர் விலையை மட்டும்தானே பார்ப்பார்?

கைவினைப் பொருளின் ஊர்ப் பெயரைப் பாதுகாக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்த பெயரை வேறு ஊர் சரக்கில் போட்டு ஏமாற்றக் கூடாது.

கூட்டத்தில் பேசுங்கள்: உங்கள் குழு செய்யும் பொருளில், வெளியே தெரியாத அந்தப் 'பதம்' எது? வாங்க வருபவருக்கு அதை எப்படிக் காட்டுவீர்கள்? பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.